எல்லாம் பிள்ளைக்காகத்தான்: திருவண்ணாமலையில் குழந்தை வளர்ப்பும் அறிவியலும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் நடப்பவர்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே போனால், சாமியைவிடப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் வருவார்கள். மருமகளுக்கு எத்தனையாவது மாதம், பேரன் பிறந்த நட்சத்திரம் எப்படி, பையன் போனை விடமாட்டேன் என்கிறான், பெண்ணை வெளியூர்க் கல்லூரியில் சேர்க்கலாமா வேண்டாமா என்று பேச்சு நீளும். வேண்டுதலும் அதற்காகத்தான். "எல்லாம் பிள்ளைக்காகத்தான்" என்று பெருமூச்சு விட்டால் அதற்கு மேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டியது அங்கேதான். பிள்ளைகளைப் பற்றி இந்த ஊரிலும் இதைச் சுற்றிய கிராமங்களிலும் உலவுகிற கருத்துகளைத் தெரிந்த தகவல்களோடு வைத்துப் பார்த்தால் எவை நிற்கின்றன, எவை விழுகின்றன? ஸ்கேன், சிசேரியன், தடுப்பூசி, கைபேசி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தபோது அந்தக் கருத்துகள் மாறினவா, அல்லது பழைய ஆசைக்கே புதிய கருவி கிடைத்ததா? கருவில் தொடங்கிக் கல்லூரி வாசல் வரை, பிள்ளையின் வயது வரிசையிலேயே பார்க்கலாம்.

கருவில் கேட்கும் முதல் கேள்வி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 994 பெண்கள். இதோடு நிறுத்திக்கொண்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் எண்ணினால் ஆண்கள் 1,41,205, பெண்கள் 1,31,364. அதாவது ஆயிரத்துக்கு 930. இதுவே 2001இல் 948ஆக இருந்தது. இயற்கையாகப் பிறக்கும்போதே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதல். ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண் என்பது உலகெங்கும் காணும் அளவு. அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால், இந்த ஒரு மாவட்டத்தில் அந்த வயதினரில் மட்டும் மூவாயிரத்துக்கு அருகில் பெண் குழந்தைகள் குறைகிறார்கள்.

பெற்றோர் கைவிடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும், சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் ஆகியவற்றோடு திருவண்ணாமலைக்கும் 2011இல் நீட்டிக்கப்பட்டதற்கு இந்தச் சரிவுதான் காரணம். பிறக்கும் முன் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது; 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. ஸ்கேன் மையம் எதற்குள் நுழைந்தாலும், இங்கே பாலினம் சொல்லப்படுவதில்லை என்ற அறிவிப்புப் பலகை கண்ணில் படும். பலகைக்கு வெளியே வேறொரு வியாபாரம் நடக்கிறது. மருத்துவப் பட்டமே இல்லாதவர்கள், கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவியோடும் தரகர்களோடும் இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் பிடிபட்ட செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன.

ஸ்கேன் வந்தது கருவின் வளர்ச்சியையும் கோளாறுகளையும் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தையும் பார்ப்பதற்காக. எத்தனையோ தாய்மாரின் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது. அதே கருவியைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கேட்க வைத்தது கொள்ளி போட ஒரு ஆண் வாரிசு வேண்டும் என்ற எண்ணமும், பெண் என்றால் நகை, சீர், வரதட்சணை என்ற கணக்கும். இதில் அறிவியல் பாடத்தில் பத்தாம் வகுப்பிலேயே சொல்லித்தரும் ஓர் உண்மை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதேயில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணுவிலுள்ள எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். அப்படியிருந்தும் "பொட்டப்புள்ளயாவே பெத்துப்போடுறா" என்ற ஏச்சு மருமகளுக்குத்தான் விழுகிறது.

பிறக்கும் நேரம்

2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, சன்னி கண்டு தாய் இறந்த கதைகள் நம் பாட்டிகளோடு போய்விட்டன. திருவண்ணாமலையில் 2013இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்தபிறகு சிக்கலான பிரசவத்துக்கும் வேலூருக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்தது. இந்த இடத்தில் ஊர் தன் பழைய கருத்தை முழுதாகவே மாற்றிக்கொண்டிருக்கிறது. மாற்றமே வராது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே பதில்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மாநிலத்தில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. நாட்டின் சராசரி 21.5. மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் தாய், சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இவ்வளவு கூடியதற்குப் பல காரணங்கள் உண்டு. வலிக்குப் பயம், வழக்குக்குப் பயம், மருத்துவமனையின் வசதி, முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அதுவே என்ற நடைமுறை ஆகிய எல்லாம் சேர்ந்தது இது. நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: நல்ல நேரம். அஷ்டமி, நவமி தவிர்த்து, மூலமும் ஆயில்யமும் வராத நாளாகப் பார்த்துக் கொண்டுவரும் சீட்டை வாங்கிப் பார்க்காத மகப்பேறு மருத்துவர் இந்தப் பக்கம் அபூர்வம்.

இதை எப்படி எடைபோடுவது? சிசேரியன் தேவை என்று மருத்துவரே முடிவு செய்து, முப்பத்தொன்பது வாரம் நிறைந்த பிறகு, அந்த வாரத்துக்குள் ஒரு நாளைக் குடும்பம் தேர்ந்துகொண்டால் கேடு பெரிதாக இல்லை. நட்சத்திரத்துக்காக வாரம் நிறையும் முன்னே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. நேரத்துக்காக அறுவையே தேவையில்லாத தாயை மேசையில் கிடத்தினால் அவளுடைய அடுத்த பிரசவத்தின் ஆபத்தும் கூடுகிறது. பிள்ளையின் ஜாதகம் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கான விலையைத் தாயும் பிள்ளையும் உடம்பால் கொடுக்கிறார்கள்.

பாட்டியின் கைவைத்தியமும் அரசின் ஊசியும்

பிறந்த குழந்தை விஷயத்தில் பழையது எல்லாம் மூடநம்பிக்கை, புதியது எல்லாம் அறிவியல் என்று கோடு கிழிக்க முடியாது. நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் கைகால் நீவிவிடுவது, தூளியில் கிடத்தித் தாலாட்டுவது, இடுப்பில் வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவது எல்லாம் குழந்தைக்கு நல்லவை. பேச்சு கேட்டு வளரும் குழந்தைக்குச் சொல் சீக்கிரம் வருகிறது என்பதை மொழியறிவு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் சேனை வைப்பது என்று பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் தடவுவது வேறு விஷயம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். குழந்தையின் மூக்கில் எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். கடையில் வாங்கும் சில கண்மைகளில் ஈயம் இருக்கிறது. பாட்டிக்குக் கோபம் வராமல் இதைச் சொல்லத் தெரிந்த கிராமச் சுகாதாரச் செவிலியர்கள்தான் இந்த ஊரின் உண்மையான அறிவியல் ஆசிரியர்கள்.

தடுப்பூசியில் நிலைமை தலைகீழ். இங்கே ஐயம் கிளப்பியது பாட்டி அல்ல, படித்தவர்களின் கைபேசி. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, ஊசி போட்டால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவிய குரல்பதிவுகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998இல் லண்டனின் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தச் செய்தி மட்டும் யாருடைய கைபேசிக்கும் வந்து சேரவில்லை. இருந்தும், முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் மாநிலத்தில் நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வில் 69.7 விழுக்காடாக இருந்தது ஐந்தாம் ஆய்வில் 89.2 ஆனது. பயத்தை வென்றது வீடுவீடாகப் போன செவிலியர்களின் நடை.

பிள்ளை பிடிப்பவர்கள்

இந்த மாவட்டத்தில் பிள்ளைப் பாசமும் தொழில்நுட்பமும் சேர்ந்து செய்த மிகப் பெரிய கொடுமை 2018 மே 9 அன்று நடந்தது. வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற காணொளிகளும் குரல்பதிவுகளும் வட மாவட்டங்களில் பல நாட்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் போளூர் அருகே அத்திமூர்ப் பக்கம் வழி கேட்டு நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் அறுபத்தைந்து வயது மூதாட்டி. அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அந்த மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது.

குலதெய்வம் கும்பிட வந்த பாட்டி ஊர்ப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது நம் மண்ணில் எவ்வளவு இயல்பானது என்பது அடித்தவர்களுக்கும் தெரியும். தங்கள் கண்ணெதிரே இருந்த மனிதரைவிடக் கைபேசியில் வந்த படத்தை அவர்கள் நம்பினார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தங்களைக் கொலைகாரர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் காப்பதாகவே நினைத்திருப்பார்கள். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அத்திமூரைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைக்காது. பிள்ளைக்காக என்ற பயத்தின்மேல் ஏறி வரும் கருத்தை யாரும் சோதிப்பதில்லை. கருவி அந்தப் பயத்துக்கு வேகம் கொடுக்கிறது.

பயம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்ததே. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வன்முறை வழக்குகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வகைப்படுத்துகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அண்டை வீட்டுக்காரர், பழகியவர். காரில் வரும் அந்நியரைப் பற்றி எச்சரிக்கும் அப்பா, வீட்டுக்கு வந்துபோகும் மாமாவைப் பற்றிப் பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது காது கொடுப்பதில்லை.

கையில் போன்

"போன் காட்டினாத்தான் சாப்பிடுறான்" என்பது இன்று ஊருக்கே பொதுவான வாக்கியம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை. இதைச் சொல்லித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. சமையல், மாடு, நூறு நாள் வேலை என்று அலைகிறவளுக்குக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முன்பு கூட்டுக்குடும்பம் இருந்தது. இப்போது போன் இருக்கிறது. அப்பா அந்த அரை மணி நேரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் பிரச்சினை பாதி குறையும். ஆனால் ஊர்ப் பேச்சில் அந்த யோசனை மட்டும் வருவதில்லை.

வளர்ந்த பிள்ளைகள் என்று வந்தால் கருத்து இரண்டாகப் பிளக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடியபோது போன் படிப்பின் பெயரால் வீட்டுக்குள் வந்தது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அதற்குள் இழப்பு நடந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 என்றது கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு. நாடு முழுவதற்குமான 2024 ஏசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில் முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. பெற்றோரின் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

ஆனால் புலம்பலுக்குப் பிறகு எடுக்கும் முடிவில் நியாயம் இல்லை. 2023 ஏசர் ஆய்வில், போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 18 வயது ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பையன் இரவு இரண்டு மணிவரை விளையாடினால் "வயசுப் பையன்"; பெண் கையில் போன் இருந்தாலே "கெட்டுப்போயிடுவா". போன் கெடுக்கும் என்றால் இருவரையும் கெடுக்கும். கற்றுத்தரும் என்றால் இருவருக்கும் கற்றுத்தரும். கருவில் ஆணா பெண்ணா என்று கேட்ட அதே மனம்தான் பதினாறு வயதில் போனைப் பிடுங்குகிறது. பெண்ணைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட்டால் பாரம் குறையும் என்று எண்ணுவதும் அதே மனம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தபிறகு, அந்த எண்ணத்துக்கு எதிராக வீட்டில் பேச அவர்களுக்கு ஒரு வலுவான காரணம் கிடைத்திருக்கிறது.

படிப்பு என்னும் ஒற்றைப் பாதை

இந்த ஊரை உலகறியச் செய்தவர் படிப்பில் மனம் ஒட்டாத ஒரு பதினாறு வயதுப் பையன். மதுரையில் பத்தாம் வகுப்புப் படித்த வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதிவைத்துவிட்டுக் கிளம்பி 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. தாய் அழகம்மாள் தேடி வந்து கெஞ்சியும் வீடு திரும்பவில்லை. கடைசியில் தாயே மகனிடம் வந்து தங்கினார். ரமணாசிரமத்தில் பிள்ளையோடு விழுந்து கும்பிட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று டியூஷனுக்கு இழுத்துப்போகும் பெற்றோருக்கு இந்தக் கதை தெரியும். எல்லாப் பிள்ளைகளும் ரமணர் ஆவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மருத்துவர் ஆவார்கள் என்று மட்டும் நம்புகிறோம்.

மதிப்பெண்ணே கல்வி என்ற கருத்துக்கு மாற்று, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கணத்தம்பூண்டியில் உள்ள மருதம் பண்ணைப் பள்ளியில் கிராமப் பிள்ளைகளும் வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள்; மலையில் மரம் நடுவதும் பறவை பார்ப்பதும் அங்கே பாடம். இது எல்லோருக்கும் எட்டுமா என்று கேட்கலாம். எட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஜவ்வாது மலையின் காவலூர் வானியல் ஆய்வகத்தில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டதில் அந்த ஆய்வகத்துக்குப் பங்குண்டு. ராகு, கேது பெயர்ச்சியைத் தேதி தவறாமல் அறிந்துவைத்திருக்கும் வீடுகள், பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துப் போகலாம்.

மலை தந்த பாடம்

பக்தியும் அறிவியலும் மோதித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு 2024 டிசம்பர் பதில் சொல்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று அண்ணாமலையார் மலைச்சரிவில் வ.உ.சி. நகர் வீட்டின்மீது பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வல்லுநர்கள் மலையைப் பார்த்து மண் இளகியிருப்பதாகச் சொன்னார்கள். பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை. தீபப் பணியாளர்கள் மட்டும் ஏறினார்கள். டிசம்பர் 13 மாலை 2,668 அடி உயரத்தில் மகாதீபம் வழக்கம்போல் எரிந்தது. கீழே நின்று கும்பிட்ட யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. சாமி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையோடு, மண்ணின் ஈரத்தை அளந்து பார்த்தவர்களின் சொல்லையும் ஊர் கேட்டது. மலைக்குச் செய்ததைப் பிள்ளைக்குச் செய்ய முடியாதா?

செய்ய வேண்டியது

இதுவரை பார்த்ததில், ஊர் கருத்தை மாற்றிக்கொண்ட இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மருத்துவமனைப் பிரசவமானாலும் தடுப்பூசியானாலும், தெரிந்த முகம் ஒன்று வீடு தேடி வந்து, பொறுமையாகப் பேசி, சந்தேகத்துக்குப் பதில் சொன்னது. மாறாத இடங்களில் கருவி மட்டும் வந்தது. பேச ஆள் வரவில்லை. சட்டமும் பலகையும் அந்த ஆளுக்கு ஈடாகா.

அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு குடிமக்களின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதும் அதில் உண்டு. பிள்ளைக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோரின் கடமை என்பதும் உண்டு. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பது பொருத்தமே. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சுவரும் கழிப்பறையும் பேசி முடித்த பிறகு, ஒரு கூட்டத்திலாவது செவிலியரை அழைத்து ஸ்கேன், போன், வதந்தி பற்றிப் பேச வையுங்கள். அப்பாக்களும் வர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. பிள்ளையைப் பற்றிப் பயமுறுத்தும் எந்தச் செய்தி வந்தாலும் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். உடல்நலச் சந்தேகத்துக்கு 104, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098, படிப்புக் குழப்பத்துக்கு 14417. மூன்றும் இலவச அழைப்பு. கையிலிருக்கும் அதே போனில் முதலில் அவர்களைக் கேளுங்கள்.